மேஜர் கேட்ட தமிழ்க் குரல்

தமிழ் பேசுகிற குரல் ஒன்று வேண்டும் என்று மேஜர் என்னிடம் சொன்ன விதம், ஸ்டோருக்குப் போய் அரை டஜன் போல்ட் வாங்கி வா என்று சொல்வது போல இருந்தது. "ஆண் குரல். அழுத்தமா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள." அவ்வளவுதான். அவர் பேசியது ஆங்கிலத்தில். கோபம் மிஞ்சினால் நடுநடுவே பஞ்சாபி கலந்த இந்தி. நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

அறுபதுகளின் முற்பாதி அது. பூனாவில் தாபோடிக்குப் பக்கத்தில் ஒரு ராணுவப் பயிற்சி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று சொல்வதாக இல்லை. நான் அங்கே செய்த காரியத்துக்கு இப்போதுகூட யாராவது விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் என்றாலும் நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பூனாவில்தான். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் மராத்தி, ஆபீசில் இங்கிலீஷ் என்று நாளுக்கு மூன்று தடவை நாக்கை மாற்றிப் போட்டுக்கொள்வேன்.

விஷயம் இதுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வடநாட்டு லெப்டினன்டுகள் ஆறு பேர் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கையில் வரப்போகிற சிப்பாய்கள் தமிழர்கள். ஆறு வாரத்துக்குள் லெப்டினன்டுகள் தமிழில் உத்தரவு போடக் கற்றுக்கொள்ள வேண்டும். வாத்தியார் வைக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு மேஜர், "வாத்தியார் லீவு கேட்பார். மெஷின் கேட்காது" என்றார். அவருக்குப் புதிதாக ஒரு டேப் ரெக்கார்டர் வந்திருந்தது. பத்துப் பாடங்கள் எழுதி, அதை ஒரு தமிழ்க் குரலில் பதிந்து, மாலையில் ஒரு மணி நேரம் லெப்டினன்டுகளை அதன் முன்னால் உட்கார வைப்பது அவருடைய திட்டம். ஆபீசிலேயே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே பாடம் எழுதுவது, குரல் தேடுவது, கூட உட்கார்ந்து பதிவது மூன்றும் என் தலையில் விழுந்தன.

குரல் தேர்வு நடந்த அறை பழைய ஸ்டோர் ரூம். எதிரொலி வரக்கூடாது என்று சுவர் முழுக்கப் பட்டாளத்துக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மே மாதம். உள்ளே போனால் ரொட்டி அடுப்பில் உட்கார்ந்தது போல இருக்கும். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு மராத்திக்கார ஆபரேட்டர். அவர் "சாலூ கரூ கா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவார். ஆரம்பிக்கலாமா என்று அர்த்தம். அவர் அமுக்கவும், தாபோடி ஸ்டேஷனில் ஒரு ரயில் கூவவும் சரியாக இருக்கும். ரயில் போகும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முதலில் வந்தவர் ஒரு பேங்க் கேஷியர். பூனாத் தமிழர்கள் போடுகிற ஆண்டு விழா நாடகங்களில் அவர்தான் ராஜா. நான் கொடுத்த வாக்கியம், "எல்லாரும் வரிசையா நில்லுங்க." அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கையை நீட்டி, "அனைவரும்... அணிவகுத்து... நிற்பீராக!" என்றார். கடைசி எழுத்தில் குரல் நடுங்கி நடுங்கி அடங்கக் கால் நிமிஷம் ஆனது.

"சார், நான் எழுதினத அப்படியே சொன்னாப் போதும்" என்றேன்.

"இதுல உணர்ச்சியே இல்லையேம்மா" என்றார் அவர் வருத்தத்தோடு.

அடுத்தவர் பாலக்காட்டுக்காரர், எங்கள் கேன்டீனை நடத்துகிறவர். அழகாகப் பேசினார், எந்தப் பிசகும் இல்லை. ஆபரேட்டர் டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. அதற்கு முன்னால் அவர் தம் குரலை வெளியிலிருந்து கேட்டதே கிடையாது. "இது நான் இல்ல. இந்த மெஷின் வேற யாரையோ உள்ள வச்சிருக்கு" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மூக்கால பேசற வழக்கமே கிடையாது" என்று மூக்காலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் எனக்கு டீயில் சர்க்கரை குறைந்தது.

மூன்றாவதாக, எங்களிடமே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சுபேதார். வட ஆற்காட்டுக்காரர். மேஜரே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். சுபேதார் மைக் முன்னால் விறைப்பாக நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார். ஆனால் நான் எழுதிய மூன்று வார்த்தைக்கு நடுவே இன்னும் மூன்று வார்த்தைகள் கூடுதலாக வந்தன. சிப்பாயின் தாயாரைப் பற்றி ஒன்று, அக்காளைப் பற்றி ஒன்று, மூன்றாவது எனக்கே அன்றுதான் தெரிய வந்தது. நான் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

மேஜர் துள்ளி எழுந்தார். "பிரமாதம்! என்ன வேகம்! என்ன சொல்றார்?"

"வரிசையா நிக்கச் சொல்றார், சார்."

"நீளமா இருந்த மாதிரி தோணுச்சே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை, சார்."

பிறகு சுபேதாரைத் தனியாகப் பார்த்து, அந்த வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டுப் பேசும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உண்மையாகவே முயற்சி செய்தார். "எல்லாரும்..." என்றார், நின்றார். "வரிசையா..." என்றார், மறுபடி நின்றார். நெற்றியில் வேர்த்துவிட்டது. "அது இல்லாம நமக்கு நாக்கு நவுரலம்மா. பொம்பளப் புள்ள டைப் அடிக்கற எடத்துல அது வாணாம். வேற ஆளப் பாரு" என்று அவராகவே கழன்றுகொண்டார். சுபேதாருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மேஜரிடம் சொன்னேன். அது நான் சொன்ன முதல் பொய்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு பூட்டு வாங்குவதற்காகப் பூனாவின் கடைத்தெருவான கேம்ப்புக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் சந்தில் ஒரு பெட்டிக் கடை இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் வாங்கும் டிரங்குப் பெட்டி, படுக்கைப் பை, பூட்டு எல்லாம் கிடைக்கும். வாசலில் நான் கால் வைப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க. சோடா சொல்லவா?"

என்னைப் பார்த்ததும் தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. குரல் கெட்டியாக, பதமாக, அவசரமே இல்லாமல் வந்தது. நாற்பது வயதிருக்கும், கறுப்புத் தொப்பி, காதில் அத்தர் பஞ்சு. எனக்கு முன்னால் நின்ற மராத்திக்காரரிடம் மராத்தியிலும், ஒரு பார்சிப் பாட்டியிடம் குஜராத்தியிலும் அதே குரலில் பேசினார். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி, "தூக்கிப் பாருங்க. பிடிச்சிருந்தா எடுங்க. பிடிக்கலைன்னா வச்சிருங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றார். அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி லோக்கல் ரயிலில் தாபோடி வந்து சேர்ந்தபோதுதான், பூட்டு வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

எனக்குத் தேவையான குரல் இதுதான் என்பதில் அதற்குமேல் சந்தேகம் இல்லை. தேவையில்லாத பெட்டியை என் தலையில் கட்டியவரால், தமிழையும் ஆறு லெப்டினன்டுகள் தலையில் கட்ட முடியும்.

மறுநாள் மாலை மறுபடி போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார பாய் சிரித்தார். "எங்கிட்ட என்னத்தக் கண்டீங்க தங்கச்சி? நான் பெட்டி விக்கவன். பட்டாளத்துக்காரனுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

"நீங்க பேசுனாப் போதும் பாய். நல்ல தமிழ் பேசுதீங்க."

"தங்கச்சி நம்ம பக்கமா?"

"அம்பாசமுத்திரம்."

"அட, சொல்லக்கூடாதா! நான் மேலப்பாளையம்லா!" அதற்குப் பிறகு அவர் மறுக்கவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை கிடையாது, கடை அடைக்கிற நாளில்தான் வருவார். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

சொன்னபடி வந்தார். கம்பளி அறை முழுக்க அத்தர் மணம் நிரம்பியது. டேப் ரெக்கார்டரைச் சுற்றி வந்து, மூடியைத் தட்டிப் பார்த்து, "கைப்பிடி லேசு. ரெண்டு வருஷம் தாங்காது" என்று ஆபரேட்டரிடம் மராத்தியில் சொன்னார். ஆபரேட்டர் அன்றைக்கே அவருடைய ஆள் ஆகிவிட்டார்.

ஆனால் தாளைக் கையில் கொடுத்ததும் பாயின் குரல் எங்கேயோ போய்விட்டது. கோர்ட்டு சம்மனை வாசிப்பதைப் போல வாசித்தார். நாலு தடவை முயன்றும் அதே கதி. கடைசியில் நான் தாளை வாங்கி வைத்துவிட்டேன். "பாய், என்ன கடைக்கு வந்த ஆளுன்னு வச்சுக்கோங்க. நான் ஒவ்வொண்ணா சொல்லுதேன். நீங்க உங்க பாணியில சொல்லுங்க."

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

"வரிசையா நில்லுங்கறத எப்படிச் சொல்வீங்க?"

பாய் யோசித்தார். "வந்தவங்கள யாராவது நில்லும்பாங்களா தங்கச்சி? ஒருத்தர் ஒருத்தரா வாங்க, எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லுவேன்."

"சாலூ கரூ கா?" என்றார் ஆபரேட்டர். பொத்தான் அமுங்கியது. பாய் அருமையாகச் சொன்னார்.

"சுமையத் தூக்கு, கீழ வை?"

"தூக்கிப் பாருங்க. பிடிச்சிருந்தா எடுங்க. பிடிக்கலைன்னா வச்சிருங்க."

நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பேச்சு இயல்பாக இருக்க வேண்டும், முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்று மேஜர் தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அந்த வளாகம் முழுக்க ஒருவரை ஒருவர் அதட்டுவதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஜர் கேப்டனை, கேப்டன் சுபேதாரை, சுபேதார் சிப்பாயை, சிப்பாய் கேன்டீன் பூனையை. அந்த மீசைக்காரப் பையன்கள் ஆறு பேரும் "சோடா சொல்லவா" என்று கேட்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்துப் பாடத்தையும் அப்படியே பதிந்தோம். என் மேஜைக்குத் திரும்பி, பாய் சொன்னதை எல்லாம் ஆங்கில எழுத்தில் ஒரு பக்கம் டைப் அடித்தேன். எதிர்ப்பக்கம் அதற்கு அர்த்தம்: "தூக்கு." "கீழே வை." "வரிசையில் நில்." இது இரண்டாவது பொய். முதலாவதைவிடப் பெரியது.

தம் குரலை வீட்டில் இருப்பவர் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று பாய் ஆசைப்பட்டார். மெஷினை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே அவர் மனைவியே பர்தா போட்டுக்கொண்டு, கையில் ஒரு டப்பா இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து சேர்ந்தார். டேப் ஓடியது. "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்று கணவரின் குரல் கேட்டது. அந்த அம்மாள் முழுப் பாடத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "இந்தக் கொரல் கடையிலேயே தங்கிருது போல. வீட்டுக்கு வந்ததே இல்ல" என்றார். பாய் அவசரமாக வட்டிலப்பத்தை எடுத்து ஆபரேட்டருக்குக் கொடுத்தார்.

மேஜர் டேப்பைக் கேட்டார். "கொஞ்சம் மென்மையா இல்ல?"

"தெளிவு, சார். புதுசாப் படிக்கிறவங்களுக்குத் தெளிவு முக்கியம்."

லெப்டினன்டுகள் நன்றாகவே படித்தார்கள். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் கற்றுக்கொள்ளத் தோன்றும். நாலாவது வாரம் அவர்களை முளா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். தமிழ்ச் சிப்பாய்களை வைத்து ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம் கட்டும் பயிற்சி. நான் அங்கே இல்லை. அன்று மத்தியானமே சுபேதார் என் மேஜைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். நான் பெண்பிள்ளை என்பதால் நடுநடுவே வாயை மூடிமூடித் திறந்தார்.

"இன்னாம்மா சொல்லிக் குடுத்துக்கீறீங்க? ஆறு பேரு இரும்புப் பலகையத் தூக்கினு நிக்கறான். அந்த சர்தார் லெப்டினன்ட் வந்து, பிடிச்சிருந்தா எடுங்க, பிடிக்கலைன்னா வச்சிருங்கன்றாரு. இந்தப் பசங்க..." இங்கே ஒரு நிறுத்தம். "...இந்தப் பசங்க பிடிக்கல சார்னு கீழ வச்சிட்டானுங்க!"

"அப்புறம்?"

"அவருக்கு இவனுங்க சொன்னது புரியல. டேப்புல கீற மாதிரியே பரவால்ல, வேற காட்டறேன், உக்காருங்க, சோடா சொல்லவான்னுட்டாரு. அத்தினி பேரும் நெழல்ல போய் உக்காந்துட்டான். ஒருத்தன் எந்திரிச்சி சோடா எப்ப வரும்னு கேக்கறான்!"

நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். சுபேதார் கிளம்பத் திரும்பினார். "நீ சிரி. மேஜர்கிட்ட நான் சொல்லியாச்சு" என்றார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை மேஜர் அறைக்கு என்னையும் பாயையும் கூப்பிட்டார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாய் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மேஜர் சிவந்த முகத்தோடு என்னிடம் ஆங்கிலத்தில் சீறினார். "என் ஆபீசர்களைத் துணிக்கடைப் பையன்கள் மாதிரி ஆக்கி வச்சிருக்கார்! ஏன்னு கேள் இவரை!"

நான் பாயின் பக்கம் திரும்பினேன். "சார் சொல்லுதாரு, ரொம்ப நல்லா இருக்காம். கொஞ்சம் அதட்டலாப் பேசுனா இன்னும் நல்லா இருக்குமாம்."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நேராக மேஜரிடம் சுத்தமான இந்தியில் பேச ஆரம்பித்தார். பட்டாளத்துக்காரர்களுக்கே பதினைந்து வருஷமாகப் பெட்டி விற்கிறவர். அவருக்கு இந்தியும் தெரியும், மேஜர் பேசிய ஆங்கிலமும் பாதிக்கு மேல் புரியும் என்பது எனக்கு அந்த நிமிஷம்வரை உறைக்கவே இல்லை. 

"துணிக்கடை இல்ல சாப், பெட்டிக்கடை" என்று ஆரம்பித்தார் பாய். "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. என்ன சரக்கு வேணும்னு யாரும் எனக்குச் சொல்லல. நீங்கதான வாங்குறவரு? நீங்க எப்படி உத்தரவு போடுவீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க. அதே மாதிரி தமிழ்ல தர்றேன்."

மேஜர் தயங்கினார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஹ்ர்ர்ம்!" என்று ஒரு கனைப்புக் கனைத்து, இந்தியில் ஒரு உத்தரவு போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த பியூன் விறைத்து நின்றார். மேஜருக்குக் குஷி பிறந்துவிட்டது. ஹ்ர்ர்ம், அடுத்த உத்தரவு. ஹ்ர்ர்ம், அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கனைக்காமல் அவரால் உத்தரவு போடவே முடியாது. அது அவருக்கே தெரியாது. பாய் கையைக் கட்டிக்கொண்டு, சாமான் கேட்கும் வாடிக்கையாளரைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே கம்பளி அறையில் எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தோம். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், இந்தத் தடவை ஒழுங்காக. பாய் மைக்கைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "ஹ்ர்ர்ம்! வரிசையில் நில்!" ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கண்ணை மூடிக்கொண்டால் மேஜரேதான்.

"பாய், அந்தக் கனைப்பு வேண்டாமே?" என்றேன்.

"அவரு கேட்ட சரக்கு அது தங்கச்சி. நான் எதையும் கொறைக்கமாட்டேன், கூட்டவும் மாட்டேன்."

நான் அடுத்த வரியைச் சொன்னேன்.

மேஜர் புது டேப்பைக் கேட்டார். அது தம் குரலின் நகல் என்று அவருக்குத் தெரியவே இல்லை. மேஜையைத் தட்டி, "இதுதான்! முதல்லயே இந்த ஆளைப் பிடிச்சிருக்க வேண்டியதுதானே?" என்றார். இந்த ஆள்தான் அந்த ஆள் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் லெப்டினன்டுகள் பழையதை மறந்து புதியதைப் படித்தார்கள். கடைசி நாள் மைதானத்தில் பரீட்சை. இந்தத் தடவை நானும் போய் ஓரமாக நின்றேன். சர்தார் லெப்டினன்ட் முன்னால் வந்தார். "ஹ்ர்ர்ம்! வரிசையில் நில்!" சிப்பாய்கள் பட்டென்று நின்றார்கள். அடுத்தவர் வந்தார், ஹ்ர்ர்ம். அதற்கடுத்தவர், ஹ்ர்ர்ம். ஆறு பேரும் ஒரே சுருதியில், ஒரே அளவில் கனைத்தார்கள். மூன்றாவது ஆள் கனைக்கும்போதே சிப்பாய்களின் கண்கள் மேஜர் பக்கம் போய்த் திரும்பின. நாலாவது வரிசையில் ஒருவன் தொப்பிக்குள் அழுவது போலக் குலுங்கினான். சுபேதார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் மீசை ஆடியது.

மேஜர் என்னை அருகில் கூப்பிட்டார். "நல்லா பண்றாங்க. ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி ஏதோ ஒரு சத்தம் வருதே? டேப்லயும் இருக்கு. அது என்ன வார்த்தை?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருக்க வேண்டும். "அது தனி வார்த்தை இல்ல, சார்" என்றேன். "உத்தரவு போடறவர் பெரிய அதிகாரின்னு காட்டறதுக்காகத் தமிழ்ல சேர்க்கிற ஒரு ஓசை."

மேஜர் மெதுவாகத் தலையாட்டினார். ரொம்பப் பிடித்திருந்தது அவருக்கு. "பழமையான பாஷை" என்றார். பிறகு, "அதைப் பற்றிப் பாடப் புத்தகத்துல குறிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, சார்."

"சேர்த்துடு. அடுத்த பேட்சுக்கு உதவும்."

அன்று சாயங்காலம் டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகி, ஏழாம் பாடத்தின் கீழே மூன்றாவது குறிப்பாக அதை அடித்தேன். கட்டளைக்கு முன் அடித்தொண்டையிலிருந்து இந்த ஓசையை எழுப்ப வேண்டும். பதவி உயர உயர ஓசையின் நீளமும் கூடும். கடைசிப் பகுதி அந்த நிமிஷத்தில் தோன்றியது. மேஜர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். உரக்க ஒரு தடவை கனைத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.